மூன்று போப்புகளும் ஒரு சிலையும்

ஜெர்மன் ஊரான கான்ஸ்டான்ஸில் ஏரியைத் தேடிப் போக வேண்டியதில்லை. ரயில் நிலையத்தை விட்டுத் தண்டவாளத்தைக் கடந்தால் எதிரே தண்ணீர்தான். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளின் கரைகளைத் தொடும் ஏரி இது. ஆழமான இடத்தில் 251 மீட்டர். நடு ஏரியில் யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்று அவர்கள் இன்றுவரை கோடு கிழித்துக்கொள்ளவில்லை.

ஆனால் கண் முதலில் போவது தண்ணீரின் மேல் அல்ல. படகுத்துறை முனையில் 9 மீட்டர் உயரத்துக்கு ஒரு பெண் நிற்கிறாள். எடை 18 டன். நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்றி வருகிறாள். ஏந்திய கைகளில் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு அம்மணக் குள்ளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் தலையில் பேரரசர் கிரீடம், மற்றவன் தலையில் போப்பின் மும்முடி. பெயர் இம்பீரியா, பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் கதையில் வரும் தாசி. சிற்பி பீட்டர் லென்க் 1993-ல் இதை நிறுத்தியபோது ஊரில் பெரிய ரகளை. ஆனால் துறைமுனை ரயில்வேயின் நிலம் என்பதால், எதிர்த்தவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது கடைக்குக் கடை அவள் படம்தான் விற்பனையாகிறது.

சிலையின் இந்தக் கேலிக்குக் காரணம் கரையிலேயே இருக்கிறது. பெரிய ஓட்டுக்கூரை போட்ட அந்தக் கட்டடம் 1388-ல் வணிகர்கள் சரக்கு வைக்கக் கட்டத் தொடங்கிய கிடங்கு. பின்னாளில் கத்தோலிக்க உலகில் ஒரே சமயத்தில் மூன்று போப்புகள் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் ஏற்கவில்லை. அதைத் தீர்க்க 1414-ல் சிகிஸ்மண்ட் மன்னரின் முயற்சியால் இந்தச் சிற்றூரில் திருச்சபையின் பேரவை கூடி, 1418 வரை நடந்தது. ஆயர்கள், பிரபுக்கள், குமாஸ்தாக்கள், தள்ளுவண்டியில் அடுப்பு வைத்து ரொட்டி சுட்டு விற்றவர்கள் என்று ஊர் பிதுங்கியது. உள்ளூர்க்காரரான ரிச்சென்டால் தன் குறிப்பில் ஏறத்தாழ 700 விலைமாதரையும் கணக்கில் சேர்த்திருக்கிறார். 1417 நவம்பரில் 53 பேர் இந்தக் கிடங்குக்குள் அடைபட்டு ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்தார்கள். கூரையைத் தாங்கும் கனத்த மரத்தூண்களைப் பார்த்தபோது எனக்குப் போப் நினைவு வரவில்லை. மூட்டைகள்தான் நினைவுக்கு வந்தன.

அங்கிருந்து சில நிமிட நடையில், சிறு பாலத்துக்கு அப்பால், டொமினிக்கன் துறவிகளின் மடம் இருந்த தீவு. பொஹீமியாவின் சீர்திருத்தவாதி யான் ஹுஸை இங்கேதான் அடைத்துவைத்தார்கள். பத்திரமாகப் போய்வரலாம் என்று மன்னர் கொடுத்த உறுதியோடு வந்தவர் அவர். மதத்துரோகிக்குக் கொடுத்த வாக்கு வாக்கே அல்ல என்றார்கள். 1415 ஜூலை 6 அன்று ஊருக்கு வெளியே உயிரோடு எரித்து, சாம்பலை ரைன் நதியில் கொட்டினார்கள். பின்னாளில் மடம் துணித் தொழிற்சாலையாயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து போய் ஐரோப்பாவை மயக்கிய சீட்டித் துணிக்குப் போட்டியாக, ஜெனீவாவிலிருந்து வந்த குடும்பத்தார் இங்கே அச்சடித்தார்கள். அவர்கள் வழிவந்தவர்தான் இதே தீவில் 1838-ல் பிறந்த, ஆகாயக் கப்பலுக்குப் பெயர் தந்த செப்பலின். இப்போது அது நட்சத்திர ஓட்டல். நடைக்கூடச் சுவர்களில் தீவின் கதை ஓவியமாக ஓடுகிறது. அதனடியில் தங்க வந்தவர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள்.

பேராலயத்துக்குப் பின்னால் நீடர்புர்க் என்ற பழைய பேட்டை. முகப்பில் பெயரும் ஆண்டும் எழுதிய வீடுகள், இரண்டு பேர் ஒதுங்கி நடக்க வேண்டிய சந்துகள். இரண்டாம் உலகப் போரில் இவை தப்பியதற்கு அண்டை நாடு காரணம். எல்லைக்கு அப்பால் சுவிஸ் ஊரில் விளக்கெரிய, கான்ஸ்டான்ஸ்காரர்களும் விளக்கை அணைக்கவில்லை. மேலே வந்த விமானிக்கு எது ஜெர்மனி என்று தெரியவில்லை. மைனாவ் மலர்த் தீவும், யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ரைஷனாவ் மடத் தீவும் பக்கத்தில்தான். மைனாவ் எனக்குச் சற்று அதிகமாக வாரிவிட்ட தலைபோலத் தோன்றியது.

சுவிஸ் எல்லையில் இருந்த வேலியை 2006-ல் பிடுங்கிவிட்டு, மறு ஆண்டு 22 டாரட் சீட்டுகளின் உருவங்களைச் சிற்பமாக நட்டார்கள். 2020-ல் கொரோனா வந்ததும் வேலி திரும்பியது. இரு நாட்டுக் காதலர்கள் அதன் வழியே கைகோர்த்ததால், இடைவெளி விட்டு இன்னொரு வேலியும் போட்டார்கள். பிறகு இரண்டும் போயின. நான் போனபோது சிற்பங்களைப் பார்க்க ஆளில்லை. கூட்டமெல்லாம் ஜெர்மன் பக்கத்துக் கடைகளில். விலை மலிவென்று எல்லை தாண்டி வந்த சுவிஸ்காரர்கள் தள்ளுவண்டி நிறைய அள்ளிப்போட்டு, வரியைத் திரும்பப் பெற உதவும் பச்சைச் சீட்டுக்காக வரிசையில் நின்றார்கள். ஒரு தண்ணீர்ப் புட்டி வாங்க நானும் அவர்கள் பின்னால் நின்றேன்.