காதைத் திருகிய கை



போன வாரம் கோவையில் ஒரு கல்யாணம். பந்தியில் பார்த்த பழைய மாணவர் ஒருவர், “சார், நான் ஓட்டற மிஷினை ஒரு எட்டு வந்து பாருங்க” என்று தான் வேலை செய்யும் பவுண்டரிக்கு அழைத்துப் போனார். 22 வருடமாக அவர் ஓட்டுவது ஷாட் பிளாஸ்டிங் மிஷின்.

மணல் அச்சில் வார்த்த பம்பு காஸ்டிங், வெளியே எடுக்கும்போது மணலும் செதிலுமாக இருக்கும். அதை உரித்துச் சுத்தம் செய்வதுதான் இந்த மிஷினின் வேலை. மூடிய இரும்பு அறைக்குள் பட்டைகள் பொருத்திய ஒரு சக்கரம், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதன் நடுவில் கேழ்வரகு அளவு எஃகுக் குண்டுகள் விழுகின்றன. மட்கார்டு இல்லாத சைக்கிள் சேற்றை இறைக்குமே, அதுபோலப் பட்டைகள் குண்டுகளை வீசுகின்றன. வேகம் மணிக்குச் சுமார் 250 கி.மீ.! காஸ்டிங் உருண்டுகொண்டே இருப்பதால் எல்லாப் பக்கமும் அடி விழுகிறது. கீழே சிந்திய குண்டுகளை வாளிகள் மேலே ஏற்றுகின்றன. அங்கே தூசியைக் காற்று இழுத்துக்கொள்ள, நல்ல குண்டுகள் மறுபடி சக்கரத்துக்குப் போகின்றன.

முன்பெல்லாம் மணலையே வீசினார்கள். அமெரிக்காவில் டில்மன் என்பவர் 1870இல் காப்புரிமை பெற்ற முறை. அந்தத் தூசி தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்ததால், காஸ்டிங் சுத்தம் செய்ய மணல் வீசக் கூடாது என்று பிரிட்டன் 1949இல் விதி போட்டது. இன்று மணலுக்குப் பதில் எஃகுக் குண்டு. தூசியைப் பிடிக்கப் பை இருக்கிறது. ஆனால் சத்தம் அப்படியே இருக்கிறது.

வெளியே வந்து டீ குடிக்கும்போதும் நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மூன்றாம் முறை, “கொஞ்சம் சத்தமா சொல்லுங்க சார்” என்றார். காதடைப்பான் தருவதில்லையா என்றேன். “இருக்குங்க சார். போட்டா ஆள் கூப்பிடறது கேக்காதுன்னு விட்டுட்டேன்.”

ஐந்தாம் வகுப்பில் “காது கேக்கலையாடா?” என்று அவர் காதைத் திருகியவன் நான். அதை அவரே நினைவுபடுத்திச் சிரித்தார். “இப்பத்தான் சார் நெசமாவே கேக்கல.” என்னால் சிரிக்க முடியவில்லை.

உட்காதில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. பட்டறைகளில் இருக்கும் என் பிள்ளைகளே, காதடைப்பான் போடுங்கள். வருடம் ஒருமுறை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். தூசிப் பை கிழிந்தால் மாற்றாமல் மிஷினை ஓட்டாதீர்கள்.

நாளை காலை காதடைப்பானைப் போட்டுவிட்டு, கமெண்டில் ‘உள்ளேன் ஐயா’ என்று எழுதுங்கள். வருகைப் பதிவு எடுக்கக் காத்திருக்கிறேன்.