எழுத்தை வார்த்தவர்

அம்பத்தூர், ஆவடி பக்கத்து லுத்தரன் சபைகளில் சீகன்பால்க் பெயரைச் சண்டே ஸ்கூல் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும். 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்தவர். சரி, அதற்கு எழுத்து வார்த்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். பாஸ்டரே கொஞ்சம் யோசிப்பார்!

அவர் பெயர் ஆட்லர். யோகான் காட்லிப் ஆட்லர்.

லண்டனிலிருந்து அச்சு மெஷினோடு கிளம்பிய அச்சர் யோனாஸ் பிங்க் வழியிலேயே இறந்துபோனார். கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தது வேறு கதை. ஒருவழியாக 1712-ல் மெஷின் வந்து சேர்ந்தது, ஆள் வரவில்லை. அடுத்த வருஷம் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் செய்த தமிழ் எழுத்துகளோடு ஆட்லர் வந்தார்.

அந்த எழுத்துகள் ரொம்பப் பெரிசு. காகிதமோ கப்பலில் வந்தாக வேண்டும். அந்த எழுத்தில் முழுப் புத்தகத்தையும் அடித்தால் காகிதம் கட்டுபடியாகுமா? ஆட்லர் பக்கத்துப் பொறையாறில் பட்டறை போட்டு, எழுத்தைச் சின்னதாக வார்த்தார். சீமையிலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-ல் வந்தன, மீதி 1715-ல்.

இன்று ஒரு வசனத்தை எஸ்எம்எஸ்ஸில் தட்டிவிடுகிறோம். அன்று ஒவ்வொரு 'ழ'வும் தமிழே பேசிப் பழகாத ஒருவர் கையில் சூடாக வந்தது.

சீகன்பால்குக்குத் தரங்கம்பாடியில் சிலை இருக்கிறது. ஆட்லர் எழுத்தோடு நிற்காமல் பொறையாறில் காகிதமும் செய்தார். அந்த இடத்தை ஊர்க்காரர்கள் கடுதாசிப்பட்டறை என்று கூப்பிட்டார்கள்.