தேய்வும் ஓய்வும்

ஓடும் பொருளுக்கெல்லாம் ஓசை உண்டு. ஓசை மாறினால் உள்ளே எதுவோ தேய்கிறது என்று பொருள். இவ்வுண்மையை நான் வகுப்பறையில் கற்கவில்லை. கோவைக்கு அருகே என் தாய்மாமன் நடத்தும் மோட்டார்ப் பட்டறையில் கற்றேன். மாலை மணி அடித்ததும் நான் ஓடிச்சென்று சேரும் இரண்டாவது கல்லூரி அது!

கவலை பூட்டி நீர் இறைத்த பூமி எங்கள் கொங்கு நாடு. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் கிணற்று மேடுகளில் மோட்டார் மெல்ல மெல்ல இடம் பிடித்தது. அன்று மாடு சோர்ந்தால் பாத்தி காய்ந்தது. இன்று ஒரு சிறு பேரிங் தேய்ந்தால் காய்கிறது.

உள்வளையம், வெளிவளையம், இடையே சில எஃகுக் குண்டுகள் – பேரிங் என்பது இவ்வளவுதான். வழுக்கு உராய்வைவிட உருள் உராய்வு குறைவு என்று எங்கள் இயற்பியல் பேராசிரியர் கரும்பலகையில் எழுதிய ஒற்றை வரி, அதற்குள் உயிரோடு உருண்டுகொண்டிருக்கிறது. ஒரு நாளுக்கு 1440 நிமிடங்கள். நம் தோட்டத்து மோட்டார்களில் பல, ஒரே நிமிடத்தில் ஏறத்தாழ அத்தனை முறை சுழல்கின்றன. அந்தச் சுழற்சியை ஓசையின்றித் தாங்குவது அக்குண்டுகளே.

சென்ற கோடையில் முதியவர் ஒருவர் மாட்டுவண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்தார்.

“ஏனுங் மேஸ்திரி, ராத்திரியெல்லாம் ஒரே கத்துங்க. நாலு நாளா வாழை வாடுதுங்க.”

“கவலப்படாதீங்கய்யா, பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றனுங்க” என்றார் மாமா.

மூடியைக் கழற்றுமுன் மூடியிலும் உடலிலும் உளியால் ஓர் அடையாளம் இட்டார். திரும்பப் பூட்டும்போது பழைய இடத்திலேயே பொருந்த வேண்டுமல்லவா? புல்லரின் கால்களை மாட்டித் திருகினோம். பழைய பேரிங் முனகிக்கொண்டே வெளியே வந்தது. விரலால் சுழற்றினால் கரகரத்தது, ஆட்டினால் ஆடியது. இன்னும் சில நாள் ஓடியிருந்தால் ரோட்டார் ஸ்டேட்டரில் உரசிக் காயிலே கருகியிருக்கும். சிறு செலவு பெருங்கடனாகியிருக்கும்.

அதன்மீது 6305 என்று பொறித்திருந்தது. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் 25. அச்சு நுழையும் துளை 25 மில்லிமீட்டர். எண்ணுக்குள் அளவை ஒளித்துவைத்த அறிவை வியந்தேன்.

புதியதை எண்ணெயில் மிதமாகச் சூடாக்கினோம். உள்வளையம் சற்றே விரிய, அச்சில் அது அடக்கமாக அமர்ந்தது. வெளிவளையத்தில் சுத்தியல் படவே கூடாது. பட்டால் அந்த அடியைக் குண்டுகள் வாங்கும். கிரீஸையும் அள்ளி அடைக்கக் கூடாது. இடைவெளியில் பாதிக்கு மேல் போனாலே சூடேறும். உதவியும் அளவோடு இருக்க வேண்டும் போலும்!

வேலை முடிந்ததென்று நான் எழுந்தேன். மாமா எழவில்லை.

“பேரிங் மாத்தறது பாதி வேலதான் கண்ணு. அது ஏன் போச்சுன்னு பாக்கோணும்.”

பம்பின் கிளாண்டில் கயிறு நைந்திருந்தது. அங்கே கசிந்த நீர் அச்சின் வழியே ஊர்ந்து, பேரிங்கில் துரு ஏற்றியிருந்தது. அக்கயிற்றை மாற்றாமல் அனுப்பியிருந்தால், அறுவடைக்கு முன்பே அம்முதியவர் மீண்டும் எங்கள் வாசலில் நின்றிருப்பார். அன்று பொழுது சாயுமுன் மோட்டார் வண்டியேறியது. மறுநாள் வாழைக்கு நீர் பாய்ந்தது.

“பட்டப் படிப்புப் படிக்கிற பையன் கையில் கிரீஸா?” என்று உறவினர் சிலர் நகைப்பர். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி அந்தக் கிரீஸிலிருந்து வந்தது என்பதை அவர்கள் அறியார். ஆனால் அதனினும் பெரிய வரவு ஒன்று உண்டு. நூல்கள் எனக்கு விதியைத் தந்தன. பட்டறை அவ்விதி யாருக்காக என்பதைக் காட்டியது.

நண்பர்களே! குடும்பத்திலும் ஊரிலும் எத்தனையோ பேர் சுமையைத் தாங்கிச் சத்தமின்றிச் சுழல்கிறார்கள். கத்தத் தொடங்கிய பிறகே நாம் அவர்களைத் திரும்பிப் பார்க்கிறோம். சற்று முன்னதாகவே பார்ப்போமே!