மினிமலிஸ்டும் நம் வீட்டுப் பரணும்

அண்மையில் விடுமுறைக்குச் செஞ்சி வந்திருந்த நம் மகள் வயிற்றுப் பேரன், வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்கள் சரியான மினிமலிஸ்ட்!" என்று வியந்தான். கட்டடக்கலை பயிலும் பிள்ளை. கூடத்தில் ஒரு விசிப்பலகை, இரண்டு நாற்காலிகள், சுவரில் திரு இருதய ஆண்டவர் படம்; வேறொன்றும் இல்லை. தேவைக்கு மேல் ஒரு பொருளும் வைத்துக்கொள்ளாமல் வாழ்பவரை இக்காலத்தில் அச்சொல்லால் குறிக்கிறார்களாம். பாராட்டுத்தான். ஆயினும் துணைவியார் ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் சென்றுவிட்டார். நமக்கும் உள்ளூர ஒரு கூச்சம். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

சொல்லின் வரலாற்றைப் பேரனே எடுத்துரைத்தான். 1960களில் நியூயார்க்கின் கலைஞர் சிலர், அணியும் அலங்காரமும் நீக்கி, வெறும் பெட்டிகளையும் நேர்கோடுகளையும் கலையாக்கினர். 1965இல் ரிச்சர்ட் வொல்ஹெய்ம் என்னும் ஆங்கில மெய்யியலார் எழுதிய கட்டுரைக்கு 'மினிமல் ஆர்ட்' என்பதே தலைப்பு. பின்னர் அச்சொல் வீட்டுக்கும் வாழ்வுக்கும் இடம் பெயர்ந்தது. இன்று விலையுயர்ந்த வெற்றுச் சுவர்களை விற்பதற்கும் அதுவே விளம்பரம்!

தமிழில் இதை எப்படிச் சொல்வது? சிக்கனம் என்றால் காசுக் கணக்கு வந்துவிடுகிறது. துறவு என்பது நம் போன்ற இல்லறத்தாருக்கு மிகப் பெரிய சொல். 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்னும் பழமொழி ஓரளவு நெருங்கி வருகிறது. ஆயினும் ஒன்று உறுத்துகிறது. நம் தெருக்கோடிக் குடிசையில் இரண்டு பானைகளோடு வாழும் கரும்பு வெட்டும் தொழிலாளியை எவரும் மினிமலிஸ்ட் என்பதில்லை. கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வாய்ப்புள்ளவனுக்கே அந்தப் பட்டம். இல்லாமைக்கு யார் அழகிய பெயர் சூட்டுவார்?

மறுநாள் பேரனோடு கோட்டைக்குச் சென்றோம். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டையல்லவா? 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த இயேசு சபைக் குரு பிமெந்தா, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கலின் எந்த நகரையும் விடச் செஞ்சி பெரியது என்று எழுதிச் சென்றார். இராஜகிரியின் அடிவாரத்து நெற்களஞ்சியத்துள் நுழைந்தபோது, தடித்த சுவர்களுக்கும் வளைகூரைக்கும் இடையே நம் குரலே திரும்பி வந்தது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டைக்குக் களஞ்சியம் வேண்டியதுதான்; அதைக் குறை சொல்வதற்கில்லை. எனினும், பெரிய களஞ்சியம் கட்ட எண்ணிய இரவே உயிர் துறந்த செல்வனைப் பற்றி லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமை, அந்த வெற்றிடத்தில் நினைவுக்கு வராமல் இராது.

மாலையில் சிறுகடம்பூரை அடுத்த திருநாதர்குன்று. பாறை முகத்தில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வர் இரு வரிசைகளாய் அமர்ந்திருக்கின்றனர். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரிகர் என்னும் சமண முனிவரின் நினைவாகப் பழங்கல்வெட்டு ஒன்றும் அங்குண்டு. அவ்வாறு உயிர் துறப்பது நம் திருச்சபையின் நெறியன்று. எனினும் பேரன் அக்கல்லின் முன் நெடுநேரம் நின்றான். "இவருக்கு மினிமலிஸ்ட் என்ற சொல் போதாது, தாத்தா" என்றான்.

அப்போதுதான் அச்சொல்லின் மூலம் நம் நினைவில் எழுந்தது. இலத்தீனில் 'மினிமுஸ்' என்றால் மிகச் சிறியவன். இத்தாலியப் புனிதரான பவோலா நகர்ப் பிரான்சிஸ் (1416–1507) தம் துறவியரை 'மினிம்கள்', அதாவது யாவரினும் சிறியோர் என்றழைத்தார். ஆண்டு முழுவதும் தவக்காலம் போல் இறைச்சி, முட்டை, பால் விலக்கி வாழ்ந்தனர் அவர்கள். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பைப் பற்றிக் கூறுகையில், பசித்தோரையும் ஆடையற்றோரையும் தம் சகோதரர் என்கிறாரே ஆண்டவர், அங்கே அவர்களைக் குறிக்கும் 'மிகச் சிறியோர்' என்பதற்கும் இலத்தீன் விவிலியத்தில் இதே சொல்தான். பொருள்களின் சிறுமையைத் தேடிப் போன நாம், மனிதர்களிடம் வந்து நின்றோம்.

கூச்சத்தின் காரணத்தை இனிச் சொல்லிவிட வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்து, விழுப்புரம் மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்தபோது, பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் போர்வையும் பாத்திரமும் கேட்டு நம் வாசலுக்கு வந்தனர். பழைய துப்பட்டிகள் இரண்டைக் கொடுத்தோம். நம் வெற்றுக் கூடத்தைப் பார்த்த அவர்கள், "உங்களிடமே என்ன இருக்கிறது, ஐயா" என்று நன்றி கூறிச் சென்றனர். நாம் மறுக்கவில்லை. பரணின் கதவு அவர்கள் தலைக்கு மேலே சாத்தியிருந்தது.

அன்றிரவு ஏணியைச் சாத்தினோம். பேரன் ஏறி ஒவ்வொன்றாய் இறக்கினான். மகள் திருமணத்தில் வந்த எவர்சில்வர் குடங்கள், அடுக்குகள், மூன்று சுவர்க்கடிகாரங்கள், கடைச்சீட்டுக்கூடக் கிழிக்கப்படாத ஒன்பது போர்வைகள். துணைவியார் தம் தாயாரின் செப்புச் செம்பை மட்டும் எடுத்து முந்தானையால் துடைத்தார்.

"இது இருக்கட்டுமே" என்றார், நம்மைப் பாராமல்.

நாம் ஒன்றும் சொல்லவில்லை. பேரன் பரணுக்குள் இன்னும் எதையோ இழுத்துக்கொண்டிருந்தான்.