கறிவேப்பிலைப் பக்கத்துப் பெருக்கல் குறி

அக்டோபர் 14

கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் நடுவே புதிதாக ஒரு வட்ட வலை. மையத்தில் தலைகீழாகச் சிலந்தி. பெண்தான்; உடல் 1 செ.மீ. இருந்தால் அதிகம். முதுகில் மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள். எட்டுக் கால்களை இரண்டிரண்டாக ஒட்டி நீட்டியிருப்பதால் நான்கே கால்கள் போலத் தெரிகிறது. ஒவ்வொரு சோடிக் காலையும் ஒட்டி வெள்ளை நூலில் நெளிநெளியாக ஒரு கோடு. மொத்தத்தில் பெரிய பெருக்கல் குறி.

ஆர்ஜியோப் அனசுஜா. 1887-ல் சுவீடன் நாட்டு அறிஞர் தோரெல் பெயரிட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் தோட்டம்தோறும் பார்க்கலாம்.

அத்தை ஒட்டடைக் கம்போடு வந்தார்கள். "இலை பறிக்க விடாது போலிருக்கே?"

"அந்தப் பக்கமா பறிச்சுக்குங்க அத்தை, நம்மள ஒண்ணும் செய்யாது."

"சரி, ஆனைக்காச் சிலந்தின்னு நினைச்சுக்கிறேன்" என்று கம்பைச் சுவரில் சாய்த்தார்கள்.

அக்டோபர் 16

விடியுமுன் டார்ச்சுடன் போனேன். பழைய வலையைச் சுருட்டிச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. அத்தை நினைத்த திருவானைக்காக் கதையில், சிவலிங்கத்துக்கு மேல் சிலந்தி பின்னிய பந்தலை யானை கலைத்தது. இங்கே கலைப்பதும் கட்டுவதும் ஒரே ஆள்.

முதலில் மையத்திலிருந்து ஆரங்கள். அடுத்து, உள்ளிருந்து வெளியே அகலமாக ஓடும் ஒரு சுருள். இது ஒட்டாத நூல், கொத்தனார் கட்டும் சாரம் மாதிரி. பிறகு வெளியிலிருந்து உள்நோக்கிப் பசைத்துளிகள் கோத்த நெருக்கமான சுருள். வரும் வழியிலேயே சாரத்தைக் கத்தரித்து எடுத்துவிடுகிறது. தின்ற வலையும் வீணாவதில்லை. ஐரோப்பியத் தோட்டச் சிலந்தியின் இழையில் கதிரியக்க அடையாளம் இட்டுப் பீக்கால் என்பவர் 1971-ல் சோதித்தார். தின்ற புரதத்தின் பெரும்பகுதி அடுத்த வலையில் நூலாகத் திரும்பியிருந்தது.

அக்டோபர் 21

மழை விட்டதும் ஒரு பச்சை வெட்டுக்கிளி சிக்கியது. சிலந்தி கடிக்கவில்லை. முதுகைத் திருப்பி, பின்னங்கால்களால் வயிற்றின் நுனியிலிருந்து பட்டையான வெண்பட்டை வாரி இழுத்து எறிந்தது. உதைக்கும் கால்கள் அடங்கியதும் இரையை உருட்டி உருட்டிச் சுற்றி, மூட்டை ஆன பிறகுதான் கடித்தது. வண்ணத்துப்பூச்சி என்றால் இந்த வரிசை மாறும். செதில்கள் உதிர்ந்து அது நழுவிவிடும் என்பதால் கடி முதலில், கட்டு பிறகு.

அக்டோபர் 27

வலையோரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னஞ்சிறு ஆண். பெண்ணில் பாதிகூட இல்லை. மையத்தை நெருங்காமல் ஓர் இழையைப் பிடித்து அதிர்த்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு: கூடிய ஆணைத் தின்பது இந்தப் பேரினத்துப் பெண்களுக்கு வழக்கம்.

நவம்பர் 2

வலையைத் தின்று வலை கட்டும் இந்தச் சிக்கனக்காரி, எவர் கண்ணிலும் படும் அந்தக் குறிக்கு ஏன் இவ்வளவு நூலைச் செலவிடுகிறது? பறவைகள் வலையைக் கண்டு விலகிப் போகட்டும் என்பது ஒரு கட்சி; 1983-ல் ஐஸ்னரும் நோவிக்கியும் வலைகளில் வெள்ளை அடையாளம் வைத்துப் பார்த்து அதற்குச் சான்று தந்தார்கள். குறி புற ஊதா ஒளியைத் திருப்பி அனுப்பிப் பூச்சிகளை இழுக்கிறது என்று 1990-ல் கிரெய்கும் பெர்னார்டும் எழுதினார்கள். குறியுள்ள வலையில் இரை குறைவாகவே விழுந்தது என்று 1999-ல் வேறு இருவர் மறுத்தார்கள். சண்டை ஓயவில்லை.

எனக்குப் பிடித்தது இன்னொரு விளக்கம். குறி போடும் நூலும் வெட்டுக்கிளியைச் சுற்றிய நூலும் ஒரே வகைச் சுரப்பியிலிருந்து வருபவை. இரையைக் கட்டிச் சுரப்பி காலியானால் அது மும்முரமாகச் சுரக்கத் தொடங்கும்; அந்தச் சுரப்பு ஓயாமல் இருக்கவே சிலந்தி குறி போடுகிறது என்கிறார்கள். அப்படியானால் ஊதாரித்தனமாகத் தெரிந்ததும் சிக்கனக் கணக்கில்தான் சேரும். அடுத்த பெரிய இரை விழுந்த மறுநாள் குறி நீள்கிறதா என்று பார்க்க வேண்டும். அத்தையிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இலை பறிக்க என்னைவிட முன்னால் எழுகிறவர் அவர்தான்.