ருவன்வெல்ல ஆசனம்

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஓல்ட் சாரம் என்றொரு தொகுதி இருந்தது. குடியில்லாத மேடு, விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர், பாராளுமன்றத்தில் இரண்டு ஆசனம். பின்னாளில் சென்னைக் கோட்டைக்குக் கவர்னரான தோமஸ் பிட் அந்த நிலத்தை வாங்கிப் போட்டார். பேரன் வில்லியம் பிட் 1735இல் அங்கிருந்துதான் சபைக்குப் போனார். காணி வாங்கினால் ஆசனமும் கூடவே வந்த காலம் அது.

இலங்கையில் கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களின் கதையைப் படிக்கும்போது எனக்கு அந்த மேடுதான் ஞாபகம் வரும். இங்கே 1931இல் சர்வசன வாக்குரிமை வந்துவிட்டது. ஆனாலும் கேகாலை மாவட்டத்து ருவன்வெல்ல ஆசனம் வளவ்வைக்காரரான, அதாவது பரம்பரைக் காணிக்காரரான, மீதெனிய அதிகாருக்கே போனது. அதே வருடம் அவர் இறந்தார். இடைத்தேர்தலில் மகள் அட்லின் மொலமுரே வென்றார். இலங்கைச் சட்டசபைக்குத் தெரிவான முதல் பெண் அவர். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் மீதெனிய என்ற பெயர் இல்லாத ஒரு பெண்ணுக்கு அந்தக் கதவு திறந்திருக்குமா? தோட்டத்து லயத்தில் குடியிருந்த இந்திய வம்சாவளிப் பெண்ணோ, ஓட்டுப் போடவே ஐந்து வருடம் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி காட்டவேண்டியிருந்தது.

ஆசனத்தை வளவ்வையிடமிருந்து பிரித்ததில் கொசுவுக்கும் பங்குண்டு என்பேன். 1934இல் மழை பொய்த்தது. களனி கங்கையும் மா ஓயாவும் வற்றி, ஆற்றுப்படுகையெங்கும் குட்டைகள். அதில் பெருகிய நுளம்பு மலேரியாவைக் கொண்டுவந்தது. கேகாலை மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அப்போது கொயினாவும் பருப்பும் சுமந்து ஊர் ஊராக அலைந்த இடதுசாரி இளைஞர்களில் என். எம். பெரேராவும் ஒருவர். சனம் அவருக்கு 'பருப்பு மாத்தயா' என்று பேர் வைத்தது. 1936இல் ருவன்வெல்ல ஆசனம் அவருக்குத்தான்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடமே தோட்டத்து ஆட்களின் ஓட்டும் போயிற்று. 1972இல் காணிச் சீர்திருத்தம், ஆளுக்கு 50 ஏக்கர்தான் என்று வளவ்வைகளின் தோட்டங்களையும் எடுத்தது. பரம்பரைக் காணிக்காரர்கள் புலம்பினார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. ஆனால் எடுத்த காணியில் லயத்துக்காரருக்குப் பங்கு வரவில்லை. அதே பருப்பு மாத்தயா நிதியமைச்சராக இருந்த 1973, 74இல் தோட்டத்தில் அரிசியும் மாவும் தட்டுப்பட்டு, பால் வெட்டிய ஆட்கள் பிள்ளைகளோடு டவுனுக்கு வந்து கையேந்தினார்கள்.