பதினெட்டுப் பல்லா, இருபத்திரண்டா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மல்லிகைக்குப் பேர்போன நம் மதுரையில், பொழுது விடியுமுன்பே விழித்துக்கொள்ளும் இடம் மாட்டுத்தாவணிப் பூச்சந்தை. அங்கே மூட்டை தூக்குவது என் தந்தையார் தொழில். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்தவன் நான் ஒருவனே. வெள்ளிக்கிழமைதோறும் 15 கிலோ பூவைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டுபோய், சோலைமலை முருகன் கோயில் வாசலில் கடை போட்டிருக்கும் அத்தையிடம் சேர்ப்பது என் வேலை. "பஸ் இருக்கிறதே!" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பஸ்ஸில் போனால் என் கூலி டிக்கெட்டுக்கும் லக்கேஜுக்குமே சரியாகிவிடும். என் ரெக்கார்டு நோட்டும் தேர்வுக் கட்டணமும் அந்தக் கூலியில்தான் அடங்கியிருக்கின்றன. ஆனால் வெள்ளிக்கிழமை முதல் வகுப்பே ஆய்வகம்! தாமதமாக வந்தால் அன்றைய சோதனை போயிற்று.

கியர் சைக்கிள் வாங்கலாமே என்பாரும் உளர். விலையைக் கேட்டுவிட்டு வந்தவன் நான். பிரான்சில் 1903இல் தொடங்கிய புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்திலேயே கியர் மாற்றும் கருவிக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் வீரர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பற்சக்கரம் பூட்டியிருப்பார்கள். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். எனக்கு அந்த வசதியும் இல்லை. அப்பாவின் பழைய 28 அங்குலச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் ஃப்ரீவீல். முன்னதை மாற்றச் செலவு அதிகம். பின்னதை 20 ஆக்கலாம், 22 ஆக்கலாம். எது?

மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி வழியாக அடிவாரம் வரை சுமார் 20 கி.மீ. சமதரை. பிறகு சுமார் 3 கி.மீ. மலைப்பாதை. முதலில் மலையைப் பார்ப்போம். என் எடை 55 கிலோ, சைக்கிள் 20, பூ 15, ஆக 90. பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் என்று கொண்டால், பின்னுக்கு இழுக்கும் விசை 7.5 கிலோ எடைக்குச் சமம். சக்கரத்தின் ஆரம் 14 அங்குலம், பெடல் தண்டு 6.5 அங்குலம். நெம்புகோல் விதிப்படி 18 பல்லுக்குப் பெடலில் சராசரி 39.5 கிலோ அழுத்தம் தேவை. 20 பல்லுக்கு 35.5. 22 பல்லுக்கு 32.3.

நான் எழுந்து நின்று மிதித்தால் 55 கிலோவும் கிடைக்காதா? கிடைக்காது. பெடல் உச்சியிலும் அடியிலும் நிற்கும்போது எடை முழுவதும் வீண். ஒரு சுற்றுக்குச் சராசரி எடுத்தால் 2/π பங்குதான் தேறும். அதாவது 35 கிலோ. 18 பல்லில் நான் ஏன் இறங்கித் தள்ளுகிறேன் என்பது இப்போது விளங்கும். ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்து மிதிக்கலாம்தான். அது ஒரு வளைவுக்குத் தாங்கும், மூன்று கிலோமீட்டருக்குத் தாங்காது.

அப்படியானால் 22 என்று முடித்துவிடலாமே? அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். "பெரிய பல்லாப் போட்டுட்டு நோகாம ஏறுடா." இங்கேதான் சமதரை குறுக்கே வருகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் 20 கி.மீ. கடக்க 18 பல்லுக்கு 61 நிமிடம், 20 பல்லுக்கு 68, 22 பல்லுக்கு 75. 22 போட்டால் போகவர 28 நிமிடம் நட்டம். மலையில் தள்ளிக்கொண்டு நடந்தால் 45 நிமிடம், மெதுவாக மிதித்து ஏறினால் 22 நிமிடம். மிச்சம் 23 தான்! மூச்சு வாங்காமல் ஏறிவிட்டு ஆய்வகத்துக்கு முன்னைவிட ஐந்து நிமிடம் தாமதமாக வந்து நிற்க வேண்டும். 20 பல்லுக்கு நட்டம் 14. அரைக் கிலோ விசைதான் குறைகிறது. உராய்வையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அதைக் கையால் இழுத்து ஈடுகட்டிவிட்டால் ஒன்பது நிமிடம் லாபம்.

20 பல்லே போட்டேன். பின்சக்கரத்தைக் கால் அங்குலம் முன்னே நகர்த்தியதில் பழைய செயினே போதுமானதாயிற்று. கோயிலுக்குச் சற்று முன்னுள்ள ஏற்றத்தில் மட்டும் கை வலிக்கிறது. முழங்கால் வலிக்கவில்லை.

விடுமுறையில் சிறுமலைக்குச் சைக்கிளில் போகலாம் என்று வகுப்பு நண்பர்கள் இருவர் அழைக்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பூவும் இல்லை, ஆய்வக மணியும் இல்லை. அதற்கு 22 பல்தான் சரி. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.